கல்லூரியில் சேரும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு: முதல் செமஸ்டருக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

சேர்க்கைப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். "மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை." அதில் டிக் அடித்துவிட்டால் கல்லூரிக்குத் தெரிந்துவிடும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். நான் பாடம் நடத்திக்கொண்டே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஒருங்கிணைப்பாளர் வேலையையும் சில ஆண்டுகள் பார்த்தவன். அந்த டிக் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அலுவலகக் கணினியில் ஒரு எக்செல் தாளில் போய் உட்கார்ந்துகொள்ளும். வருடக் கடைசியில் யாராவது கணக்குக் கேட்டால் எண்ணிச் சொல்வார்கள். உங்களுக்கு வகுப்பெடுப்பவருக்கோ தேர்வுப் பிரிவுக்கோ அதிலிருந்து ஒரு வரிகூடப் போய்ச் சேராது.

பள்ளிக்கூடத்தில் அம்மா ஒருமுறை போய் ஹெட்மாஸ்டரைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். கல்லூரியில் செமஸ்டருக்கு ஐந்தாறு ஆசிரியர்கள், தனியாக ஒரு தேர்வுப் பிரிவு, பல இடங்களில் அதற்கும் மேலே பல்கலைக்கழகம். உங்களுக்கு 18 வயதாகிவிட்டது, ஆகவே உங்களிடம்தான் கேட்பார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் எழுதித் தர வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து, அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். பார்வை, செவி, கை கால் இயக்கம் சார்ந்த குறைபாடு உள்ளவர்களுக்கும், டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிற்காத நிலை) உள்ளவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தாத பத்தியைத் தாண்டிப் போங்கள்.

முதல் வேலை: ஒரு தாள் எழுதுங்கள்

கல்லூரி திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. ஒரு வெள்ளைத்தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். எந்த இடத்தில் சிக்கல், அங்கே என்ன நடக்கிறது, என்ன இருந்தால் சரியாகும். நோயின் பெயரை இந்தத் தாளில் எழுதவே வேண்டாம்.

ஏன் என்றால், "எனக்கு டிஸ்லெக்சியா சார்" என்று சொன்னால் ஆசிரியர் பரிதாபமாகத் தலையாட்டுவார், அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. "போர்டைப் பார்த்து எழுதினால் எனக்குப் பாதிதான் முடிகிறது சார், எழுதுகிற அவசரத்தில் நீங்கள் சொல்வதும் காதில் விழுவதில்லை. முந்தின நாளே ஸ்லைடு கிடைத்தால் வகுப்பில் கவனிக்க முடியும்" என்று சொன்னால் அவர் செய்ய ஒரு வேலை கிடைத்துவிடும். குறைந்த பார்வை உள்ள ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்த தாளில் ஒரு வரி இருந்தது: "பச்சை மார்க்கர் தெரியவில்லை, கறுப்பு தெரிகிறது." மூன்றாண்டுப் படிப்புக்கு அவளுக்கு வகுப்பறையில் தேவைப்பட்டதில் பாதி அந்த ஒரு வரிதான். கல்லூரிக்கு ஆன செலவு ஒரு மார்க்கர்.

பள்ளியில் எது உதவியது என்பதையும் எழுதுங்கள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் அனுமதி கொடுத்திருந்தால் அந்த உத்தரவின் நகல் தங்கம். பள்ளியில் போய் எப்படியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "ஏற்கெனவே அரசுத் தேர்வில் கொடுத்திருக்கிறார்கள்" என்ற வார்த்தைக்குக் கல்லூரி அலுவலகத்தில் தனி மதிப்பு உண்டு.

தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஓரளவு நேரானது. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இருந்தாலும், மெதுவாகக் கூட்டிக் கூட்டிப் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிவிடலாம். பொறியியலிலோ பி.எஸ்சி.யிலோ ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்ததும் எல்லாம் சரிந்துவிடும். ஊரில் "இங்கிலீஷ் வீக்" என்று முடித்துவிடுவார்கள். தமிழ்ச் செய்தித்தாளையும் நண்பர்களைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்துத்தான் படிக்கிறீர்கள் என்றால், ஆங்கிலப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

காகிதங்கள்

இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகள் அதன் பட்டியலில் உள்ளன. பார்வை, செவி, இயக்கக் குறைபாடுகளோடு ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், தசைச் சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் அதில் அடக்கம். டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிரமம்) ஆகியவை கற்றல் குறைபாட்டுக்குள் வரும்.

கையில் இருக்க வேண்டிய அட்டை யு.டி.ஐ.டி., அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போட்ட பிறகு கிடைக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80க்குள் என்றால் மஞ்சள், அதற்கு மேல் நீலம். 40 என்ற எண்தான் கோடு. அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் குறைந்தது 5 சதவீத இடம், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு, பெரும்பாலான உதவித்தொகை எல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்குத்தான். பொறியியல் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பிரிவு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும் என்பதால், சான்றிதழ் அதற்கு முன் தயாராக இருக்க வேண்டும்.

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வாங்குவது கொஞ்சம் நீண்ட வேலை. நுண்ணறிவுச் சோதனை, நிம்ஹான்ஸ் பேட்டரி எனப்படும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள், பிறகு மருத்துவக் குழு. மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி சிறுவயதில் வாங்கிய சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதித்து வாங்க வேண்டும்; 18இல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். எட்டாம் வகுப்பில் வாங்கிய தாளைப் பத்திரமாக லேமினேட் செய்துகொண்டு கல்லூரிக்கு வந்து திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது.

ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இங்கே ஒரு கசப்பான விஷயம். அந்த 21இல் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. கூடவே கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்கு இருக்கும். இல்லையென்றால் அட்டை கிடைப்பது கடினம். ஆனால் அட்டை இல்லாவிட்டால் எதுவுமே கேட்க முடியாது என்றில்லை. வகுப்பறைக்குள், இன்டர்னல் தேர்வில், அசைன்மென்ட் தேதியில் ஓர் ஆசிரியரோ துறைத் தலைவரோ தன் அதிகாரத்திலேயே செய்து தரக்கூடியது நிறைய இருக்கிறது. மருத்துவர் தரும் கடிதத்தில் "இவருக்கு ஏ.டி.எச்.டி. உள்ளது" என்பதோடு நிறுத்தாமல், "தனி அறையும் கூடுதல் நேரமும் தேவை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ரைட்டர்ஸ் கிராம்ப் பிரச்சினை உள்ள ஒருவருக்கு யு.பி.எஸ்.சி. தேர்வில் ஸ்கிரைப், அதாவது சொல்வதை எழுதுபவர், மறுக்கப்பட்டது. அவருக்குப் போட்ட சதவீதம் வெறும் 6. விகாஷ் குமார் வழக்கு என்று பெயர். 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான கோடு, எழுத முடியாதவருக்கு ஸ்கிரைப் தர மறுப்பதற்கு அதைக் காரணம் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

முதல் நான்கு வாரம்: யாரைப் பார்ப்பது, என்ன எழுதுவது

"ஈக்வல் ஆப்பர்சூனிட்டி செல்" (சம வாய்ப்புப் பிரிவு) எங்கே என்று கேளுங்கள். சில கல்லூரிகளில் தனி அறையும் ஆளும் இருக்கும். சென்னை லயோலா கல்லூரியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு வள மையம் உண்டு. மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்குத் தனியாக பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளே நடக்கின்றன. பல கல்லூரிகளில் அந்த செல் என்பது பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும். அப்படியென்றால் உங்கள் மென்டார், பிறகு துறைத் தலைவர். அவ்வளவுதான் வரிசை. முதல்வர் அறைக்கு நேரே போகாதீர்கள். அங்கிருந்து மறுபடி துறைத் தலைவரிடம்தான் தாள் வரும், அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"அனுப்புநர்: பெயர், வகுப்பு, பதிவு எண். பெறுநர்: துறைத் தலைவர் வழியாக முதல்வர் அவர்கள். பொருள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி கற்றல் மற்றும் தேர்வு ஏற்பாடுகள் கோருதல். ஐயா / அம்மா, எனக்கு 60 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ளது (யு.டி.ஐ.டி. நகல் இணைப்பு). இந்தக் கல்வியாண்டில் எனக்குப் பின்வரும் ஏற்பாடுகள் தேவை: 1. வகுப்புக் குறிப்புகளும் ஸ்லைடுகளும் முந்தைய நாள் மின்னஞ்சலில். 2. இன்டர்னல், செமஸ்டர் தேர்வு இரண்டிலும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். 3. வினாத்தாள் 18 புள்ளி அளவு எழுத்தில். இவற்றைப் பாட ஆசிரியர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் தெரியப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கவனித்தீர்களா, இதில் "சலுகை" என்ற சொல் இல்லை. "தயவுகூர்ந்து கருணை காட்டுமாறு" இல்லை. அந்த மாதிரி எழுதினால் கருணை இருக்கும் நாளில் கிடைக்கும், இல்லாத நாளில் கிடைக்காது. சட்டத்தில் இதற்கு நியாயமான இணக்க ஏற்பாடு என்கிற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. "ஏற்பாடு" என்றே எழுதிப் பழகுங்கள்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள், அதில் தேதி தானாக விழுந்துவிடும்.

வகுப்பறை

செவித்திறன் குறைந்தவர்களுக்கு: ஆசிரியர் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் உதடு தெரியாது. இதை ஒவ்வொரு ஆசிரியருக்கும் செமஸ்டர் தொடக்கத்தில் சொல்ல வேண்டும், நடுவில் ஒருமுறை நினைவுபடுத்தவும் வேண்டும். பழக்கம் அப்படி. ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி பேச்சைத் தமிழிலும் எழுத்தாக்கித் தரும். ஆனால் நம் வகுப்பு மொழி தமிழும் ஆங்கிலமும் கலந்தது. "இந்த வேல்யூவை அந்த ஈக்வேஷன்ல சப்ஸ்டிட்யூட் பண்ணா" என்ற வாக்கியத்தில் அது திணறிவிடும். ஆகவே அதை மட்டும் நம்பாமல் வகுப்பில் ஒருவரின் குறிப்பை ஜெராக்ஸ் எடுக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்வியை எழுதிக் காட்டும்படி முன்கூட்டியே கேளுங்கள்.

சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துபவர்கள் கால அட்டவணை அச்சாவதற்கு முன் துறைத் தலைவரைப் பார்த்துவிட வேண்டும். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது அப்போது ஒரு பென்சில் திருத்தம், பிறகு என்றால் பெரிய பஞ்சாயத்து. இன்னொன்று, சாய்தளம் வைத்த கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், அது திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஆய்வுக் குழு வரும் நாளில் திறந்து மற்ற நாளில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் போட்டுப் பூட்டி வைத்த கழிப்பறைகள் ஏராளம். சாவி யாரிடம் என்பதை முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் மூன்று வருடம் படித்த பெண்கள் இருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பாடம் பெரும்பாலும் பிரச்சினையாக இருக்காது. திடீரென்று வகுப்பு மாறுவது, "நாளைக்கு செமினார், நீ பேசு" என்று இன்று மாலை சொல்வது, மெஸ் சத்தம், குரூப் புராஜெக்ட் இவைதான் ஆளைச் சாய்ப்பவை. கேட்கக்கூடியவை: மாற்றங்கள் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் முன்பே வர வேண்டும், குரூப் வேலையில் யார் எதைச் செய்வது என்று ஆசிரியரே பிரித்துத் தர வேண்டும், செமினாரை வகுப்பு முழுவதற்கும் முன்னால் செய்யாமல் ஆசிரியரிடம் தனியாகச் செய்ய அனுமதி வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பெரிய அசைன்மென்ட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வாங்குவது நன்றாக வேலை செய்கிறது. "மாதக் கடைசிக்குள்" என்பது அவர்களுக்குத் தேதியே கிடையாது. "வியாழன் மதியம் முதல் இரண்டு பக்கம்" என்பதுதான் தேதி.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்ற விதியில்தான் நீண்ட கால உடல்நலப் பிரச்சினை உள்ளவர்கள் மாட்டுகிறார்கள். ரத்தம் ஏற்ற மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனை போகிறவர் அந்தத் தேதிகளை ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். செமஸ்டர் முடிவில் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டினால் அபராதம் கட்டச் சொல்வார்கள்.

புத்தகம்

கணினியில் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள், வேண்டுமென்றால் என்.வி.டி.ஏ. இலவசம், தமிழையும் படிக்கும். போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. டிஸ்லெக்சியா உள்ளவர்களும் இவற்றைப் பயன்படுத்தலாம், பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்றில்லை. வேர்டில் உள்ள இம்மர்சிவ் ரீடர் வரி வரியாகப் பிரித்து, இடைவெளி கூட்டி, வாசித்தும் காட்டும்.

கருவி தயார், படிக்கக் கோப்பு வேண்டுமே. இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை வருகிறது. ஆசிரியர் அன்போடு தன் தமிழ்க் குறிப்பைக் கொடுப்பார். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கும். திரையில் "அம்மா" என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். என்.வி.டி.ஏ. அதை "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று படிக்கும். ஒரு மாணவர் ஒரு யூனிட் முழுவதையும் இப்படிக் கேட்டுவிட்டுத் தன் கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். யூனிகோடு கோப்பு (தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறை) வேண்டும் என்று கேளுங்கள். பழையது மட்டும்தான் இருக்கிறது என்றால் இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அச்சுப் புத்தகம் என்றால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடும், தமிழும் ஓரளவு சரியாகவே வரும். பக்கத்தை நேராக வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கணக்குச் சூத்திரமும் அட்டவணையும் உடைந்துபோகும், அதை யாராவது ஒருவர் உட்கார்ந்து சரிசெய்யத்தான் வேண்டும். "காப்பிரைட் பிரச்சினை" என்று நூலகர் தயங்கினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் சேர்த்த திருத்தம் மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது என்று சொல்லுங்கள். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலய என்ற இணைய நூலகத்தில் ஏற்கெனவே மாற்றிய புத்தகங்கள் இருக்கின்றன. உறுப்பினராகிவிட்டால் அங்கே தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்கேன் செய்யலாம். சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு.

தேர்வு

மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதலைத்தான் பெரும்பாலான இடங்களில் அடிப்படையாக வைத்திருந்தார்கள். 2025இல் மத்திய அரசு அதைத் திருத்தியிருக்கிறது, ஆகவே இப்போது எது நடைமுறை என்று தேர்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 வழிகாட்டுதல் சொன்னது இது: மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். ஸ்கிரைப் வைத்துக்கொள்ளாதவர்களுக்கும் இந்த நேரம் உண்டு. பிரெய்ல், பெரிய எழுத்து, கணினி, விடையை ஒலிப்பதிவு செய்வது என்று முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கணினி என்றால் முந்தைய நாளே அதைப் பரிசோதிக்க விட வேண்டும். முடிந்தவரை தேர்வு அறை கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும். பார்வையற்றோர், இரண்டு கைகளும் பாதிக்கப்பட்டோர், மூளை முடக்குவாதம் உள்ளோர் கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும். மற்றவர்களுக்கு, எழுத முடியாத நிலை என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவரிடம் சான்று தேவை. சொந்தமாக ஸ்கிரைப் அழைத்து வருவதாக இருந்தால் அவருடைய படிப்பு உங்களைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் இதற்கு மேல் ஏதாவது விதி வைத்திருக்கிறதா என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள். போட்டித் தேர்வென்றால் அந்தந்த அறிவிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. தேர்வு அறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலை 10 மணித் தேர்வு மற்றவர்களுக்கு 1 மணிக்கு முடியும், உங்களுக்கு 2 மணிக்கு. 1 மணிக்குக் கண்காணிப்பாளர் விடைத்தாள் கட்டைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், அவருக்குப் பசி வேறு. "எழுதி முடிச்சாச்சா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். 2 மணிக்கு மதியத் தேர்வு தொடங்கும், உங்களுக்கு அன்று அதுவும் இருந்தால் சாப்பாடு கிடையாது. ஆகவே கால அட்டவணை வந்த அன்றே, ஒரே நாளில் இரண்டு தாள் இருக்கிறதா என்று பாருங்கள். தனி அறை, அதற்குத் தனிக் கண்காணிப்பாளர், அனுமதிக் கடிதத்தின் நகல் அந்த அறையிலேயே இருப்பது ஆகிய மூன்றையும் தேர்வுப் பிரிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு தேர்வில் அனுமதிக் கடிதம் முறையாகக் கையெழுத்தாகி ஒரு மேசை டிராயரில் இருந்தது, டிராயர் சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. பையன் 40 நிமிடம் வெளியே நின்றான்.

இதில் நடந்த தவறைப் பிறகு சரிசெய்ய முடியாது. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அது தவறுதான் என்று உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு நவம்பரில் சொன்னது. ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. ஹால் டிக்கெட் நகலோடு கடிதத்தையும் நீங்களே கையில் எடுத்துப் போங்கள்.

ஸ்கிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தை அறிமுகப் பேச்சில் வீணாக்காதீர்கள், உட்கார்ந்து ஒரு பத்து மதிப்பெண் கேள்வியை எழுதிப் பாருங்கள். பி.காம். படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர் முதல் செமஸ்டரில் கணக்குப்பதிவியல் தாளில் "கோடு போடு" என்றார். ஸ்கிரைப் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இல்ல, குறிப்பேடு மாதிரி" என்றார். அந்தப் பையன் வரலாறு எடுத்துப் படித்தவன், குறிப்பேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அட்டவணையின் வடிவத்தை விளக்கவே பதினைந்து நிமிடம் போனது. அடுத்த செமஸ்டரில் இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள். "குறிப்பேடு" என்றால் ஐந்து பத்தி: தேதி, விவரம், பேரேட்டுப் பக்க எண், பற்று, வரவு. "அடுத்த கட்டம்" என்றால் வலப்பக்கம், "இறங்கு" என்றால் அடுத்த வரி. "மூடு" என்றால் கூட்டல் கோடு. விளக்கம் சொல்வது நின்று, பதில் சொல்வது மட்டும் கேட்டது.

நீங்களும் இப்படி ஒரு சொற்பட்டியல் தயார் செய்யுங்கள். எங்கே நிறுத்துவது, எங்கே பத்தி பிரிப்பது, தொழில்நுட்பச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்வது, தமிழ்த் தாளென்றால் "பெரிய ற", "சின்ன ர" என்று சொல்வது. எழுதியதை ஒரு பக்கத்துக்கு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மனதில் பதில் ஓடுகிற வேகத்தில் சொல்லாதீர்கள், எழுதுகிறவரின் பேனா நிற்கும் சத்தம் கேட்ட பிறகு அடுத்த வாக்கியம். இது ஒரு தனித் திறமை. பத்தாம் வகுப்பு முதல் பழகியவர்களுக்கே கல்லூரி அளவு பதில்களைச் சொல்ல இரண்டு மூன்று தாள் ஆகிறது. இன்டர்னல் தேர்வுகளை அதற்கான ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். "இன்டர்னல்தானே, சமாளி" என்று ஸ்கிரைப் தராவிட்டால் விடாமல் கேளுங்கள்.

பணம்

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனித் திட்டங்கள் உண்டு. பதினொன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை போஸ்ட் மெட்ரிக், அறிவிக்கப்பட்ட பெரிய நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு டாப் கிளாஸ். வருமானச் சான்று, கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைடு சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் ஜூலையிலேயே தயார் செய்யுங்கள். மாநில அரசின் உதவித்தொகை, பார்வையற்றோருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை, கட்டண விலக்கு, பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் மாவட்ட நல அலுவலகம். ஒரே நாளில் எல்லாப் படிவத்தையும் வாங்கி வந்துவிடுங்கள், இரண்டாவது முறை போகப் பஸ் காசு தனி.

மறுத்தால்

முதலில் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். "காரணத்தைக் குறிப்பிட்டுப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி போதும். பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும், ஏனென்றால் வாயால் சொன்னதைத் தாளில் எழுத யாரும் விரும்புவதில்லை. தனியார் சுயநிதிக் கல்லூரியில் "எங்களுக்கு இது பொருந்தாது" என்பார்கள். 5 சதவீத இட ஒதுக்கீடு அரசு மற்றும் உதவி பெறும் கல்லூரிகளுக்கு என்பது சரி. ஆனால் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்யும் கடமை அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களையும் சேர்த்தே 16ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்ப விடாதீர்கள்.

அடுத்த படி கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் ஓம்பட்ஸ்பர்சன் (குறைகேட்பு அதிகாரி). இந்த இரண்டும் இருக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2023 விதி. அதிலும் நகரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. வக்கீல் தேவையில்லை. முத்திரை வாங்கி வைத்திருந்தீர்களே அந்தக் கடிதங்கள், அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, மேலே ஒரு பக்கம் நடந்ததை எழுதி இணைத்தால் போதும்.

இதெல்லாம் முடிந்து முதல் செமஸ்டர் ஓடிவிடும். இரண்டாவது செமஸ்டரில் புது ஆசிரியர்கள் வருவார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. பழைய கடிதத்தைத் திறந்து, தேதியை மாற்றுங்கள். உதவாத ஏற்பாட்டை அடித்துவிட்டு, புதிதாகத் தேவைப்பட்டதைச் சேருங்கள். வகுப்பு தொடங்கும் முதல் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டு, மறக்காமல் முத்திரை வாங்குங்கள்.